நாலாவது சத்தம்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று காலை என் கணவர் முகிலன் தன் ரிவால்வரைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பனியன் கம்பெனியில் அப்போது வெள்ளை ஆர்டர் ஓடியது. அதனால் துணியும் வெள்ளை.

"ரைபிள் கிளப்புல எல்லாரும் பிஸ்டல்தானுங்க வெச்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் இந்தப் பழசு," என்றேன்.

"அது பூட்டுன பொட்டி, கோமளா. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. இது தொறந்து காட்டிரும்." குண்டில்லாத சிலிண்டரை என் காதருகே பிடித்து மெதுவாகச் சுற்றினார். "ஆறு சத்தம். நாலாவது மட்டும் கொஞ்சம் கம்முது பாரு. கேக்குதா?"

எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. "கேக்குதுங்க, கேக்குது. கெளம்புங்க," என்றேன்.

அதே துணியில் சுற்றி ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது அவிநாசி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார்.

இரண்டு வருடம் கழித்து, அந்த ரிவால்வரை விற்பதற்குக் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டம்மா உறையைக் கொண்டுவந்தார். அரக்கு சீல் உடையாமல் இருந்தது. பக்கத்தில் என் கணவரின் கையெழுத்து. என் கண் முன்னால்தான் பிரித்தார்.

ரிவால்வரில் எண்ணெய் ஈரமாக இருந்தது. சுற்றியிருந்த துணி கடுகு மஞ்சள். அந்த நிறம் சாயப்பட்டறையிலிருந்து எங்கள் கட்டிங் டேபிளுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"இதை யாராச்சும் தொடச்சீங்களா?"

"சீலே இப்பத்தானுங்க்கா ஒடைக்கறேன்."

அனுமதி கேட்டு, காதருகே வைத்துச் சுற்றினேன். ஆறு சத்தம். நாலாவது மட்டும் கொஞ்சம் கம்மியது.