படிகாரக் கல்

வாளி நிறைய ஆற்றுத் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது.

நேற்று மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் செங்குத்தான சிவப்புப் பாறை. அதற்கப்பால் பாலைவனம். ஊர் போய்ச் சேர இன்னும் ஒரு நாள்.

தப்பு அவளுடையதுதான்.

காலையில் பாறை இடுக்கில் சூரியன் எட்டிப் பார்த்தது. படகில் இருக்கிறோம் என்பதே மறந்துபோய், எழுந்து நின்று கும்பிட்டாள்.

ஒடுக்கமான துடுப்புப் படகு. கவிழ்ந்தது.

மற்றப் படகுகளில் வந்தவர்கள் அவளையும் மகள் மங்கையையும் இழுத்துக் கரையேற்றினார்கள். எட்டுப் பேருக்கான குடிதண்ணீர் கேன்கள் ஆற்றோடு போயின.

யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது உச்சி வெயில். மங்கையின் உதடு வெடித்திருந்தது. வழிகாட்டி ரூத் சொன்னதை மங்கைதான் தமிழில் சொன்னாள்.

"சேறு அடைச்சு ஃபில்டர் வேலை செய்யலம்மா. கொஞ்சம் படிகாரம் போட்டா தெளிஞ்சிடுமாம். அந்த டப்பாவும் கேனோட போயிடுச்சு."

அவள் கை இடுப்புப் பைக்குப் போயிற்று.

அவர் போய் மூன்று வருஷம். சவரம் முடித்ததும் கன்னத்தில் தேய்த்துக்கொள்கிற படிகாரக் கல். ஒரு பக்கம் குழிந்திருக்கும். தினமும் ஒரு தடவை அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள். மகளுக்குக்கூடத் தெரியாது.

அவர் கடைசியாகப் போட்ட சட்டையை யாரோ துவைத்துவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

மகளின் உதட்டை இன்னொரு முறை பார்த்தாள்.

கல்லை வாளிக்குள் விட்டுச் சுழற்றினாள். கை வலிக்கும்வரை சுழற்றினாள்.

அரை மணி நேரத்தில் சேறு அடியில் படிந்தது. தெளிந்த தண்ணீர் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

மங்கை முதலில் குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். எல்லோரும் குடித்து முடித்ததும் ரூத் அவளிடம் ஒரு குவளையை நீட்டினாள்.

லேசாகத் துவர்த்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. கையிலிருந்த கல்லிடம் சொன்னாள்.

"ஒரு நாளாவது நீங்களா எந்திரிச்சுத் தண்ணி மோந்து குடிச்சிருப்பீங்களா? இன்னைக்கு எட்டுப் பேருக்குக் குடுத்திருக்கீங்க. நல்லாருப்பீங்க."

கல்லில் குழி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அடுத்த வாளியை அவளே இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.