ஓட்டை அடைச்சாச்சு

"இன்னுமா அந்த ஓட்டையை அடைக்கல?" என்று கேட்டபடி சமையலறைக்குள் வந்தான் கணவன்.

அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்ததிலிருந்து அவனுக்கும் அண்ணனுக்கும் பேச்சே இல்லை. அந்தச் சுவரில், குழாயைப் பிடுங்கிய இடத்தில், கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"அவங்க வீட்டு மூச்சுக்காத்துகூட இந்தப் பக்கம் வரக்கூடாது!"

"இதோ, ஜிப்சம் குழைச்சுட்டேன்."

"சிமெண்டுன்னுல்ல சொன்னேன்?"

"உள்சுவருக்கு எதுக்குங்க சிமெண்ட்? இதுன்னா சீக்கிரம் காயும், வழவழன்னும் இருக்கும்."

"சுவர்ல தண்ணி தெளிச்சியா? ஈரம் இருந்தாத்தான் பிடிக்கும்."

"அதெல்லாம் ஆச்சு."

மறுநாள் காலையில் பூச்சைத் தடவிப் பார்த்தான். "கெட்டிக்காரிதான்!" என்றுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் அவள் கரண்டிக் காம்பால் நெம்பினாள். தண்ணீரையே காணாத சுவரிலிருந்து பூச்சு முழுசாகக் கையோடு வந்தது. சாயங்காலம் மறுபடி வைக்க வேண்டுமே என்று உடையாமல் ஓரமாக வைத்தாள்.

"அக்கா, அவரு போயாச்சு!" என்று ஓட்டைக்குள் குரல் கொடுத்தாள்.

அந்தப் பக்கமிருந்து ஓரகத்தியின் குரல் அமுங்கி வந்தது.

"கொஞ்சம் இரும்மா. இவரும் நேத்து அடைக்கச் சொல்லிட்டாரு. என் பக்கமும் ஜிப்சம்தான், எடுத்துடறேன்."