அடிப்பிடித்த சட்டி

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அழுக்கைக்கூடப் பையில் கட்டிப் பெயர் எழுதி வைக்கிறார்களே என்று, அகழாய்வில் மண் வெட்டும் சோணமுத்துவுக்கு எரிச்சல். காலையில் குழியிலிருந்து எடுத்த சட்டியின் உள்ளே கரி அடிப்பிடித்திருந்தது. எந்தக் காலத்துப் பொம்பளையோ, அவள் சமைத்த லட்சணத்தை நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களே என்று அவருக்குக் கூசியது. எல்லாரும் சாப்பிடப் போனதும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

ஆய்வாளர் ஜெனிபர் வந்து அதை நிமிர்த்திப் பார்த்தாள். திட்டாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி இந்தச் சட்டிக்காரி என்ன சமைச்சான்னு அந்தக் கரிதான் சொல்லியிருக்கும். சோதனைக்கு அனுப்பத்தான் கழுவாம வச்சிருந்தோம்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "நோட்டில எம் பேரை எழுதிராத தாயி."

"பேரு வேணாம். ஆனா கழுவிட்டோம்னு எழுதித்தான் ஆகணும். நாளைக்குப் படிக்கிறவங்க ஏமாந்துடக் கூடாதுல்ல."

"தீய விட்டவளை விட்டுட்டு, தேய்ச்சவனை எழுதுவீகளாக்கும்."

அவள் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். வேட்டியில் கையைத் துடைத்தபடி அவர் நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், அந்தச் சட்டிக்காரி எழுந்து வந்தால் யார் பக்கம் நிற்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.