ஐந்தாவது ஃபவுல்

விசில் ஊதிவிட்டது.

கூடைக்குக் கீழே நாலைந்து பேர் குவியலாகக் கிடந்தோம். எதிரணிக்காரனின் மணிக்கட்டில் அடித்தது என் கைதான். நடுவருக்கு எங்கள் சிவப்புப் பனியன் மட்டும்தான் தெரிந்திருந்தது.

யார் என்று காத்திருந்தார். ஃபவுல் செய்தவன் தானே கை தூக்க வேண்டும். ஐந்து ஆனால் வெளியே. எனக்கு ஏற்கெனவே நாலு.

மயிலாப்பூர் மைதானத்தில் 1973ஆம் வருடக் கூடைப்பந்து ஃபைனல். இன்னும் ஒரு நிமிடம். எழுபத்தொன்றுக்கு எழுபது, நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால்.

ஜவஹர், வலியுல்லா, நான். எங்கள் கம்பெனி அணி எண்பது பாயின்ட் போட்டால் எழுபது எங்கள் மூன்று பேருடையதாக இருக்கும். ஜனங்கள் எங்களை முக்கூட்டு என்பார்கள். எங்களுக்குள் ஒரு திருட்டு வழக்கமும் உண்டு. எவன் ஃபவுல் செய்தாலும், குறைவாக வைத்திருப்பவன் கை தூக்கிவிடுவான். அப்படித் தூக்கித் தூக்கியே வலியுல்லா ஐந்தாகி வெளியே உட்கார்ந்திருந்தான்.

ஜவஹருக்கும் நாலு.

மூன்று பேருமே தற்காலிக ஊழியர்கள். இருப்பதோ ஒரே ஒரு நிரந்தர வேலை. இந்த ஆட்டத்தில் அதிகப் பாயின்ட் எடுப்பவனுக்கு அது என்று கம்பெனியின் விளையாட்டுச் செயலாளர் முடிவு செய்திருந்தார். ஜவஹர் இருபத்தாறு, நான் இருபத்தைந்து. பந்து விழும்போதெல்லாம் நான் ஸ்கோர் மேசையை எட்டிப் பார்த்தேன். அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவனுக்கென்ன, கட்டைப் பிரம்மச்சாரி என்று எரிச்சல் வந்தது.

எனக்கு அடுத்த மாதம் இருபத்தெட்டு முடிகிறது, வயது வரம்பும் அதோடு முடிகிறது. மனைவி சண்முகவடிவு ஏழு மாதம். தி.நகரில் மாமனார் வீட்டில் இருக்கிறோம். அங்கே இலையில் உட்காரும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும்.

கையைத் தூக்கடா ராஜரத்தினம், நீ செய்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கை எழவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஜவஹர் கை தூக்கினான்.

"இன்னா முழிக்கிறே? இன்னிக்கு உன் பந்துதான் வியுந்துகினு கீது. நீ உள்ளே இரு நைனா, கப்பை வுட்றாதே." என் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு வெளியே போனான்.

எதிரணிக்காரன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டான். கடைசி ஆறு வினாடியில் பந்து என்னிடம் வந்தது. முருகா என்று எறிந்தேன். விழுந்துவிட்டது.

ஜெயித்தோம். எனக்கு இருபத்தேழு.

ஜவஹரும் வலியுல்லாவும் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, கோப்பை வைத்திருந்த மேசையைப் பார்த்து நடந்தார்கள். அங்கே செயலாளர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நான் இறக்கிவிடுங்கடா என்று கத்தினேன். அவர்கள் விடவில்லை.

அன்று காலையில் அபிராமபுரத்தில் தன் வீட்டு வாசலில் வைத்துத்தான் செயலாளர் இந்த வேலை விஷயத்தை என்னிடம் சொன்னார். மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிடச் சொன்னார்.

நான் சொல்லவில்லை.