சந்தனமா, பிஸ்கட்டா

படுக்கையறைச் சுவரில் இரண்டு கட்டங்கள். ஒன்று சந்தனம். மற்றது பிஸ்கட்.

நேற்று கடையின் டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. குழம்பிப்போய் இரண்டிலும் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தான்.

"கலர் பாக்க எவனாச்சும் ராத்திரில போவானா சார்?" என்று சிரித்தார் பெயிண்டர் சூசை.

அவன் எதையும் ராத்திரியில்தான் பார்த்திருக்கிறான்.

ஆறு வருட நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டுமென்று ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினான். லீவு நாள்களில் இரவெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தான்.

அப்படி ஒரு நாள் பொற்செல்வி பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அவன் மனைவியைத் தடுக்கவில்லை. வசதியாகத்தான் இருந்தது.

போன வாரம் வேலையை விட்டான். இன்று காலை சார்ட்டைக் கிழித்தான்.

வெயில் விழுந்ததும் சந்தனம் மஞ்சளானது. பிஸ்கட்டில் ஒரு சிவப்பு ஏறியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

உள்ளே வந்து படு என்று பொற்செல்வியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நிறத்தைக் கேட்கலாம்.

சூசை கட்டிலை இழுத்தார். சுவரில் தலையெண்ணெய்க் கறை.

"இதுக்குப் பட்டி பாக்கணும். இல்லாட்டி எந்தக் கலர் அடிச்சாலும் எட்டிப் பாக்கும்."

பக்கத்தில் தடவிப் பார்த்தார்.

"இங்க வேணாம். சுத்தமா இருக்கு. யாரும் படுக்கிறதில்ல போல."

பொற்செல்வி டீயுடன் வாசலில் நின்றிருந்தாள்.

சூசை அவசரமாக டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"எது நல்லாருக்கு? நீ சொல்றதுதான்," என்றான் அவன்.

அவள் உள்ளே வந்தாள். முதலில் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு சுவரை. நிதானமாக, நெருங்கிப் போய், தள்ளி வந்து.

"சந்தனம்."

அவனுக்கு மூச்சு வந்தது.

அவள் சூசையிடம் திரும்பினாள்.

"அத ஹாலுக்கு அடிச்சிருங்கண்ணே. இங்க அவருக்கு எது புடிக்குதோ அடிங்க."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சூசை அவனைப் பார்க்காமல் அளக்கும் டேப்பை எடுத்தார்.

ஹால் சுவரின் மூலையில் அதன் ஒரு முனையை அவன் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.