அக்கம்பக்கத்துச் சொற்கள்

"கருங்காலிக்கு இங்க இடமில்ல."

பெட்டி கட்டும் ராமோனா காலி நாற்காலியைக் காலால் உள்ளே தள்ளினாள். யெசேனியா சாப்பாட்டோடு நின்றாள். அதே மேஜையில் இருந்த அவள் அம்மா ஒஃபேலியா தலை நிமிரவில்லை.

ஸ்டாக்டன் நகரத்துக் கிடங்கில் அம்மாவுக்குப் பெட்டி கட்டும் வேலை. மகளுக்கு மாடியில் கம்ப்யூட்டர் வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"யார் சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறாங்கன்னு புடிச்சுக் குடுக்கப் போறியாமே. சங்கத்துல சேராத, சந்தா கட்டாத, கையெழுத்துப் போடாதன்னு உன் மேனேஜர் கர்ட் தினமும் கம்பெனி போன்ல மெசேஜ் அனுப்பி உயிரை வாங்குறான். அது பத்தாதுன்னு நீ வேறயா?" என்றாள் ராமோனா.

யெசேனியா நின்றபடியே புரிட்டோ ரொட்டிச் சுருளைத் தின்று முடித்து மாடியேறினாள்.

மேலாளர் கர்ட் காத்திருந்தான்.

"கில்லாடிப் பசங்க. கம்பெனி மெசேஜ்ல 'சங்கம்'னு எழுதவே மாட்டாங்க. அதைச் சுத்தி இருக்கிற வார்த்தையெல்லாம் உன் மெஷின் புடிக்கும்ல?"

பிடிக்கும். ஒவ்வொரு சொல்லையும் எண்களாக்கி, எது எதனோடு புழங்குகிறது என்று பார்த்து, நெருங்கியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். 'சங்கம்' என்று தட்டினாள். கையெழுத்து, சந்தா, ஓட்டு, வேலைநிறுத்தம் என்று வந்து விழுந்தன.

"ஒண்ணு சொல்லிடறேன், கர்ட். 'சூடு'ன்னு குடுத்தா இது 'குளிர்'னு காட்டும். ரெண்டும் ஒரே பேச்சுல வர்ற வார்த்தைங்க. இதை நம்பி ஆளைத் தூக்காதீங்க."

"காலேஜ் பாடத்தை எங்கிட்ட நடத்தாத. இந்த மாதிரி வார்த்தைங்களை அதிகமா எழுதினது யாரோ, அந்த ஆளோட கதவு கார்டு தானா செத்துடணும். பேரை எனக்குக் காட்டாத. நான் பார்த்து எடுத்தேன்னா வக்கீல் வந்து நிப்பான். யார் கேட்டாலும் மெஷினோட முடிவுன்னு சொல்லிடு."

அங்கே கார்டு செத்தால் வேலை போயிற்று.

"எங்க அம்மாவும் கீழதான் இருக்காங்க."

"அதனால? கட்டடத்துல ஒருத்தரையும் விடாத. எல்லார் மெசேஜும் உள்ள போகணும்."

"எல்லாருதுமா?"

"எத்தனை வாட்டி சொல்றது?"

கர்ட் சிகரெட் பிடிக்க வெளியே போனான். யெசேனியா அவன் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஒரு பெயரைச் சேர்க்கவுமில்லை, நீக்கவுமில்லை. பொத்தானை அழுத்திவிட்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். அம்மா பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கதவு தடதடத்தது. வெளியே நின்று கர்ட் கார்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். சிவப்பு விளக்கு மாறவில்லை.

"யெசி, கதவைத் திற. என் கார்டுக்கு என்னாச்சு?"

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மெஷினோட முடிவு, கர்ட்."