ஒரே சாய்வில்

கப்பலில் வேலை பார்க்கும் லாசர், ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் மனைவி பிலோமினாவுக்கு ஏதாவது ஒரு நாட்டு ஊறுகாய் கொண்டுவருவான். கொரியாவின் முட்டைக்கோஸ், துருக்கியின் வெள்ளரி, ஜப்பானின் முள்ளங்கி. “அந்தந்த ஹார்பர் கடையில வாங்குனதுதான்” என்பான். எந்த பாட்டிலைத் திறந்தாலும் காய்கள் ஒரே சாய்வில், ஒரே கை நறுக்கியதுபோலக் கிடக்கும். பிலோமினா அதைக் கவனித்திருந்தாள். போன தடவை அவன் கிளம்பியபோது, தான் போட்ட மாங்காய் ஊறுகாயை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தனுப்பினாள். இன்று அதே பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்திருக்கிறது. “சாப்பிட எங்க நேரம் கெடச்சுது பிலோமி? நீ குடுத்தது அப்படியே இருக்கு.” மூடியைத் திறந்தாள். அவள் மாங்காயைச் சதுரமாகத்தான் நறுக்குவாள். உள்ளே கிடந்த துண்டுகள் சாய்வாக இருந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவள் போடுவதைவிட நன்றாக இருந்தது.